கொப்பரையில் பதம் தவறுவது ஏன்? கொதிநிலை சொல்லும் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்து ஆலைக் கொட்டகைகளில் அடுப்பு அணைவதில்லை. பொங்கல் வெல்லத்துக்கு விலை கிடைக்கும் நேரம் அது. ஒரே வயலில் வெட்டிய கரும்பு, ஒரே கொப்பரை, அதே ஆட்கள். ஆனாலும் காலையில் இறக்கிய வெல்லம் பொன்னிறத்தில் கல் போல நிற்கிறது. மாலையில் இறக்கியது கறுத்துப் போகிறது, அல்லது இளகி அச்சில் நிற்காமல் வழிகிறது. ஏலத்துக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே விலை கிடைக்காது. உழைப்பு ஒன்றுதான், விறகும் ஒன்றுதான். போனது கடைசி நாலைந்து நிமிடம்.

"வெல்லம் ஏன் இளகுகிறது?" என்று கேட்டு வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதம் வருகிறது. கூடவே, "சாண எரிவாயுவை சிலிண்டரில் பிடித்து வைக்கலாமா?" என்றும், "சினை ஊசி போட வருபவரின் குடுவையில் புகை வருகிறதே, அது என்ன?" என்றும் கேட்கிறார்கள். பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கேள்விகள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதுதான் கொதிநிலை.

ஆவியாவது வேறு, கொதிப்பது வேறு

களத்தில் காயப்போட்ட ஈர நெல் காய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கேயும் கொதிக்கவில்லை. மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. இது எந்த வெப்பநிலையிலும் நடக்கும்.

கொதிப்பது அப்படியல்ல. எந்தத் திரவத்துக்கும் உள்ளிருந்து ஆவியாகி வெளியே தள்ளும் ஓர் அழுத்தம் உண்டு. சூடு ஏற ஏற அது கூடும். வெளியே காற்று அந்தத் திரவத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும் நொடியில், பாத்திரத்தின் அடியிலேயே குமிழி உருவாகி மேலே வருகிறது. அதைத்தான் கொதிக்கிறது என்கிறோம். அந்த வெப்பநிலைதான் கொதிநிலை.

இதில் உழவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பில் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கூடுதல் தீ, தண்ணீரை வேகமாக ஆவியாக்குமே தவிர, அதிகச் சூடாக்காது. பருப்பு கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேகும் நேரம் ஒன்றுதான், விறகுதான் வீண்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்

பொருளின் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் கொதிநிலை அமைகிறது. பிடி தளர்வாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே பிரிந்து ஓடும். பிடி இறுக்கமாக இருந்தால் அதிகச் சூடு கேட்கும்.

துகள் கனமாக இருந்தால் கொதிநிலை பொதுவாகக் கூடும். ஆனால் எடை மட்டுமே கணக்கல்ல. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு, தண்ணீர் மூலக்கூறைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. இலேசான தண்ணீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்பதுதான் காரணம். அந்தப் பிணைப்பு இல்லையென்றால் குளமும் கிணறும் நமக்கு இல்லை; எல்லாம் வாயுவாகவே போயிருக்கும்.

நாம் புழங்கும் சில பொருள்களின் கொதிநிலை (கடல்மட்டக் காற்றழுத்தத்தில்):

நைட்ரஜன்: மைனஸ் 196 டிகிரி
மீத்தேன் (சாண எரிவாயுவின் முக்கியப் பகுதி): மைனஸ் 161
புரொப்பேன் (சமையல் எரிவாயுவில் உள்ளது): மைனஸ் 42
அம்மோனியா: மைனஸ் 33
பியூட்டேன் (சமையல் எரிவாயுவில் உள்ளது): பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே
எத்தில் ஆல்கஹால்: 78
தண்ணீர்: 100
கிளிசரின்: 290
பாதரசம்: 357
கந்தகம்: 445

கரும்புச் சாறு தண்ணீர் அல்ல

தண்ணீரில் எதையாவது கரைத்தால் அதன் கொதிநிலை ஏறும். கரைந்த பொருள், தண்ணீர் மூலக்கூறுகள் ஆவியாகித் தப்பிப்பதை மட்டுப்படுத்துகிறது. அதனால் வெளிக்காற்றுக்குச் சமமான ஆவி அழுத்தம் வர, இன்னும் கொஞ்சம் சூடு வேண்டியிருக்கிறது. எவ்வளவு அதிகம் கரைந்திருக்கிறதோ அவ்வளவு ஏற்றம்.

வெல்லம் காய்ச்சுவதன் மொத்த சூட்சுமமும் இதில் அடங்கியிருக்கிறது. சாறில் உள்ள தண்ணீர் போகப் போக, சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. கூடவே கொதிநிலையும் ஏறுகிறது. ஆகவே கொப்பரையில் உள்ள பாகின் வெப்பநிலையைப் பார்த்தாலே, உள்ளே இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடலாம். சுத்தமான சர்க்கரைக் கரைசலுக்கான கணக்கு, தோராயமாக இப்படி:

சர்க்கரை 60 சதவிகிதம்: 103 டிகிரியில் கொதிக்கும்
70 சதவிகிதம்: 106 டிகிரி
80 சதவிகிதம்: 112 டிகிரி
87 சதவிகிதம்: 118 டிகிரி

கரும்புச் சாற்றில் சர்க்கரையோடு வேறு பொருள்களும் இருப்பதால் சற்று முன்பின் ஆகும். போக்கு இதேதான்.

இப்போது 100 கிலோ சாறு எடுத்துக்கொள்வோம். பிரிக்ஸ் அளவு 18 என்றால், அதில் 18 கிலோ திடப்பொருள். மீதி 82 கிலோ தண்ணீர். இது 70 சதவிகிதப் பாகாக வர, ஏறக்குறைய 74 கிலோ தண்ணீர் போக வேண்டும். அவ்வளவும் போன பிறகும் வெப்பநிலை 106 டிகிரிக்குத்தான் வந்திருக்கும். அதன் பிறகு வெறும் 5 கிலோ தண்ணீர் போனால் போதும். பாகு 118 டிகிரிக்கு ஏறிவிடும்!

74 கிலோ போக ஆன நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதே தீயில் கடைசி 5 கிலோ போக எத்தனை நிமிடம் ஆகும்? பதம் கைநழுவுவது இந்த இடத்தில்தான். மணிக்கணக்கில் நகராமல் நின்ற வெப்பநிலை, கடைசியில் ஓட்டம் பிடிக்கிறது. அடுப்பு வாயில் சக்கையை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால், கவனிப்பதற்குள் பாகு 120-ஐத் தாண்டிக் கருகத் தொடங்கும். எனவே 106 டிகிரி வந்ததும் சக்கை போடுவதைக் குறைத்து, தீயைத் தணித்துவிட வேண்டும்.

எந்தப் பதத்துக்கு எத்தனை டிகிரி?

பாகு வெல்லம் (திரவ வெல்லம்): 103 முதல் 106 டிகிரி
அச்சு வெல்லம், உருண்டை வெல்லம்: 116 முதல் 118 டிகிரி
நாட்டுச் சர்க்கரை: 120 முதல் 122 டிகிரி

இறக்கிய பிறகும் மரத் தொட்டியில் கிளறும்போது கொஞ்சம் ஈரம் போகும். அதையும் சேர்த்துத்தான் இந்த அளவு.

அனுபவசாலிகள் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். அது முற்றிலும் சரியான முறை. அவர்கள் விரலால் பார்ப்பதும், வெப்பமானி எண்ணால் சொல்வதும் ஒன்றுதான். ஆனால் அப்படிப் பதம் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அந்த ஆள் ஒரு நாள் வராவிட்டால் கொட்டகையே நின்றுவிடக் கூடாது. வெப்பமானி அதற்குத்தான்.

வெப்பமானி வாங்கும்போது கவனம் தேவை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரி வரைதான். பாகில் விட்டால் வெடித்துவிடும். சுவரில் மாட்டும் சிவப்புத் திரவ வெப்பமானியும் உதவாது. பாதரசக் கண்ணாடி வெப்பமானி இந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் கொப்பரையில் உடைந்தால் அந்தப் பாகு முழுவதையும் கொட்டத்தான் வேண்டும், பாதரசம் நஞ்சு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கொண்ட, 150 டிகிரி அல்லது அதற்கு மேல் காட்டக்கூடிய டிஜிட்டல் வெப்பமானியோ, முள் வைத்த வட்ட வெப்பமானியோ வாங்குங்கள். கம்பியின் முனை பாகின் நடுவில் இருக்க வேண்டும். கொப்பரையின் அடியைத் தொடக் கூடாது. அடித்தகட்டின் சூடு எப்போதும் அதிகமாகவே காட்டும்.

புது வெப்பமானியை நம்பி நேராகப் பாகில் இறங்க வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் வைத்துப் பாருங்கள். 98 காட்டினால் உங்களுக்கு வெல்லப் பதம் 114 முதல் 116. 101 காட்டினால் 117 முதல் 119. இந்த ஒரு சோதனை, கருவியின் பிழை, உங்கள் ஊரின் உயரம் இரண்டையும் சேர்த்தே சரிசெய்துவிடும்.

உயரம் ஏறினால் கொதிநிலை இறங்கும்

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிப்பது இதனால்தான்.

புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் காய்ச்சப்படுகிறது. அங்கே எல்லாமே 3 டிகிரி முன்னதாக வந்துவிடும். சமவெளிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு 118 வரும் வரை காத்திருந்தால் பாகு முற்றிவிடும்.

அழுத்தத்தைக் கூட்டினால் எதிர்மாறாக நடக்கும். பிரஷர் குக்கரில் ஆவியை அடைத்து வைப்பதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது. சர்க்கரை ஆலைகளில் இதைத் திருப்பிப் போடுகிறார்கள். மூடிய கலனிலிருந்து காற்றை உறிஞ்சி, சாறை 70 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்க வைக்கிறார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1810-களில் கண்டுபிடித்த வழி இது. குறைந்த சூட்டில் காய்வதால் சர்க்கரை கருகுவதில்லை. நம் திறந்த கொப்பரையில் அந்த வசதி இல்லை. எனவே நிறம் காக்க நமக்கிருக்கும் வழி, கடைசிக் கட்டத்தில் தீயைக் கட்டுப்படுத்துவதுதான். கருகவிட்டுவிட்டு, நிறத்துக்காக ஹைட்ரோஸ் போடுவது வேண்டாத வேலை. அந்த நிறம் இருப்பில் நிற்காது. கந்தகம்தான் வெல்லத்தில் தங்கும்.

விறகுக் கணக்கு

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கிலோ கலோரி போதும். அதே ஒரு கிலோவைக் கொதித்து ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். மேலே சொன்ன 100 கிலோ சாறைக் கொதிக்கவைக்க 6,500 கிலோ கலோரி செலவானால், அதிலிருந்து 80 கிலோ தண்ணீரை விரட்ட 43,200 கிலோ கலோரி செலவாகிறது. சூடாக்குவதற்கு ஒரு பங்கு, ஆவியாக்குவதற்கு கிட்டத்தட்ட ஏழு பங்கு.

ஆகவே ஈரச் சக்கையை அடுப்பில் போடாதீர்கள். சக்கையில் உள்ள ஒவ்வொரு கிலோ ஈரமும் அதே 540 கிலோ கலோரியை அடுப்பிலேயே தின்றுவிட்டு, புகையாகப் போகும். வெயிலில் நன்றாகக் காயவைத்த சக்கைதான் கொப்பரைக்குச் சூடு தரும்.

229 டிகிரி எண்ணெய், 100 டிகிரிக்குள்

எலுமிச்சைப் புல் எண்ணெயின் முக்கியப் பொருள் சிட்ரால். அதன் கொதிநிலை 229 டிகிரி. அந்தச் சூட்டில் புல்லை வறுத்தால் எண்ணெயும் சேர்ந்து கெட்டுவிடும். ஆனால் நம் வடிகலனில் நீராவியைப் புல்லுக்குள் செலுத்தினால், 100 டிகிரிக்கு உள்ளாகவே எண்ணெய் வந்துவிடுகிறது. எப்படி?

எண்ணெயும் தண்ணீரும் கலப்பதில்லை. கலக்காத இரண்டு திரவங்கள் ஒன்றாகச் சூடாகும்போது, இரண்டும் தனித்தனியே தங்கள் ஆவி அழுத்தத்தைக் கொடுக்கின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றுக்குச் சமமானாலே போதும், கொதி வந்துவிடும். தண்ணீர் பெரும்பகுதியைச் சுமக்க, எண்ணெய் தன் சிறுபகுதியோடு சேர்ந்து வெளியேறுகிறது. நீலகிரித் தைலத்தையும் இப்படித்தான் வடிக்கிறார்கள்.

எண்ணெயின் ஆவி அழுத்தம் குறைந்தால் வடிக்கும் நேரம் நீளும். எலுமிச்சைப் புல்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, கொதிநிலையும் கூட; ஒரு பகல் ஓர் இரவு கூட ஆகும். அவசரப்பட்டு நிறுத்தினால் வேரில்தான் எண்ணெய் தங்கும். அதுவும் வாசனை நின்று நிலைக்கும் கனமான பகுதி.

சினை ஊசிக் குடுவையின் புகை

அந்தக் குடுவையில் இருப்பது திரவ நைட்ரஜன். அது மைனஸ் 196 டிகிரியில் கொதித்துக்கொண்டே இருக்கிறது. கொதிக்கும் திரவத்தின் வெப்பநிலை மாறாது என்று பார்த்தோம் அல்லவா? அதேதான் இங்கேயும். குடுவையில் திரவம் இருக்கும் வரை உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196-லேயே இருக்கும், மின்சாரம் வேண்டாம். வெளியே தெரியும் புகை, நம் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் பனி.

திரவம் வற்றிவிட்டால் குச்சியில் இருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். அதே குச்சியைப் பிறகு போட்டால் மாடு சினை பிடிக்காது. 21 நாள் போய்விடும். எனவே ஊசி போட வருபவரிடம் மூன்றைக் கவனியுங்கள்: குடுவையில் திரவம் போதுமான அளவு இருக்கிறதா, குச்சியை எடுக்கும்போது மற்ற குச்சிகளைக் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துத் தேடாமல் இருக்கிறாரா, எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து உருக்குகிறாரா. இதைக் கேட்பதில் தவறில்லை. மாடு உங்களுடையது.

குடுவையின் மூடியை இறுக அடைக்கவே கூடாது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாக விரியும்.

வாசகர் கேள்விகள்

சாண எரிவாயுவை, சமையல் எரிவாயு போல சிலிண்டரில் திரவமாக அடைக்க முடியுமா?

முடியாது. சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் நம் ஊர் வெயிலிலும் ஓரளவு அழுத்தினாலே திரவமாகிவிடும். மீத்தேனை மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே குளிர்விக்காமல், எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி, வாயுவாகவே மிக உயர் அழுத்தத்தில் அடைக்கலாம். அதற்கென்று தயாரித்த கனத்த சிலிண்டரும் உரிமமும் வேண்டும். பழைய சமையல் சிலிண்டரில் கம்ப்ரசர் வைத்து அடைப்பது உயிருக்கு ஆபத்து. கலனிலிருந்து குழாய் வழியாக நேராக அடுப்புக்குக் கொண்டுபோவதே நல்லது.

வெண்ணெய் உருக்கும்போது சலசலப்பு அடங்கியதும் உடனே கருகுகிறது. ஏன்?

சலசலப்பு என்பது வெண்ணெயில் உள்ள தண்ணீர் கொதிக்கும் ஓசை. தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்ததும் தடுக்க ஆளில்லை. சூடு சட்டென்று ஏறும். ஓசை குறையத் தொடங்கும்போதே தீயைக் குறைத்து, அடங்கியதும் இறக்கிவிடுங்கள்.

பதத்துக்குச் சரியாக இறக்கியும் வெல்லம் இளகுகிறதே?

கொதிநிலை, தண்ணீர் எவ்வளவு போயிற்று என்று மட்டும்தான் சொல்லும். மிச்சமிருப்பது எந்தச் சர்க்கரை என்று சொல்லாது. கரும்பை வெட்டி நாள் கடந்து ஆட்டினாலோ, முதிராத கரும்பு, சாய்ந்த கரும்பு என்றாலோ, சுக்ரோஸ் குறைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடியிருக்கும். அவை ஈரத்தை இழுக்கும், வெல்லம் கட்டாது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டுங்கள். தழைச்சத்து மேலுரத்தை நட்ட 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளிப்பேறிய சாறில் காய்ச்சும்போதும் சுக்ரோஸ் உடையும்; எனவே சுண்ணாம்புத் தெளிவை அளவோடு சேர்க்க வேண்டும். அளவு மீறினால் நிறம் கறுக்கும்.

பாகு மேலே பட்டுவிட்டால் என்ன செய்வது?

கொதிநீர் 100 டிகிரி, பாகு 118 டிகிரி. அதோடு தண்ணீர் போல வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும். காயம் ஆழமாக இருக்கும். ஒட்டிய பாகைப் பிய்க்க வேண்டாம். உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள், பாகும் கரைந்துபோகும். மை, பற்பசை, மஞ்சள் எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கொப்பரை பக்கத்தில் எப்போதும் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கட்டும். குழந்தைகளுக்குக் கொட்டகையில் வேலை இல்லை.